செத்த கம்பிக்கு இந்தப் பக்கம்

அந்தக் கல்லில் உட்காராதீர்கள் அக்கா, சுடும். துவைக்கிற கல். பத்து மணிக்கே அடுப்பில் வைத்த மாதிரி ஆகிவிடும். இப்படிப் புங்கமர நிழலுக்கு வந்துவிடுங்கள். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்பார்கள், கிளம்பும்போது ஒரு செம்பு கேட்பார்கள். இந்தாருங்கள், குடியுங்கள்.

இன்ஜினைப் படம் எடுக்கத்தானே வந்தீர்கள்? தெரியும். கழுத்தில் அவ்வளவு பெரிய கேமராவை மாட்டிக்கொண்டு இந்தப் பொட்டல்காட்டுக்கு வேறு எதற்கு வருவார்கள். மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். வந்து, செந்தீவு ரயில்வேயின் பி-ஆறு ரகம், பயணிகள் வண்டிக்கென்றே செய்த மின்சார இன்ஜின், உலகத்திலேயே பதினெட்டுதான் என்று எனக்கே பாடம் நடத்துவார்கள். போன மாதம் வந்தவர் இன்ஜினைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.  அவருக்கும் தண்ணீர்தான் கொடுத்தேன்.

பதினெட்டு இல்லை அக்கா, பதினாறு. ஒன்று உப்பாற்று வெள்ளத்தில் பாலத்தோடு போய்விட்டது. இன்னொன்றை ஷெட்டில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மற்றதற்கு மாட்டிவிட்டார்கள். இப்போது வெறும் கூடு நிற்கிறது. உங்கள் புத்தகத்தில் பதினெட்டு என்று போட்டிருந்தால் புத்தகம் தப்பு.

எந்த வண்டிக்குக் காத்திருக்கிறீர்கள்? பதினொன்று நாற்பதா? பதினொன்றாம் நம்பர் இன்ஜினா?

சரி. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த வண்டியை இன்றைக்கு எங்கள் அப்பாதான் ஓட்டி வருகிறார். பதினொரு மாதம் கழித்து. அதனால் ஒன்றுமில்லை, சும்மா சொன்னேன்.

நான் அதற்காக வீட்டில் இருக்கவில்லை. எனக்கு வேலை இருக்கிறது. கல்மேட்டில் கருவாட்டுக் கிடங்கில் பொட்டலம் கட்டுகிறேன். இன்றைக்கு லீவு. தலைவலி என்று சொன்னேன். கிடங்கில் சேர்ந்து ஏழு மாதத்தில் முதல் லீவு இதுதான், கைகூட நாறுகிறது பாருங்கள், எந்த சோப்புக்கும் போகாது.

எங்கே நின்று எடுத்தால் நன்றாக வரும் என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். அதோ அந்த வளைவிலிருந்து வண்டி வெளியே வரும். இந்தத் துவைக்கிற கல்லுக்கு நேராக வரும்போது இன்ஜின் முழுசாகத் தெரியும். இங்கேயிருந்து ஏற்றம். ஏற்றத்தின் பாதியில் ஒரு மஞ்சள் பலகை தெரிகிறதா? அந்தப் பலகை தாண்டிக் கொஞ்ச தூரம் மேலே ஓடுகிற கம்பியில் மின்சாரம் கிடையாது. செத்த கம்பி என்று சொல்லுவோம். கீழே மணல்துறைப் பக்கம் இருந்து வருகிற கரண்ட்டும் மேலே மேலக்கல் பக்கம் இருந்து வருகிற கரண்ட்டும் ஒன்றை ஒன்று தொடக்கூடாதாம். அதனால் நடுவில் கொஞ்சம் சும்மா விட்டிருக்கிறார்கள். இருபது தப்படி வைத்தால் நான் நடந்து தாண்டிவிடுவேன், இல்லையென்றால் நாற்பது. அவ்வளவுதான்.

ஆனால் வண்டி அதை ஓடி வந்த வேகத்திலேயே தாண்ட வேண்டும். பலகை வந்ததும் டிரைவர் ஸ்விட்சை அணைக்க வேண்டும். தாண்டிய பிறகு போட வேண்டும். பலகைக்கு வரும்போது முப்பது கிலோமீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கி, சரியாகச் செத்த கம்பிக்குக் கீழேயே நின்றுவிடும். நின்றால் நின்றதுதான். முன்னால் போக கரண்ட் இல்லை. எங்கிருந்தாவது ஒரு டீசல் இன்ஜின் வந்து பின்னாலிருந்து தள்ள வேண்டும். சமதளத்தில் வைக்க வேண்டியதை எந்த மகராசன் ஏற்றத்தில் வைத்தானோ தெரியாது. நான் அதைப் பல பேரிடம் கேட்டுவிட்டேன். ஒருத்தரும் பதில் சொல்வதில்லை.

எங்கள் அப்பா அங்கேதான் நிறுத்தினார். போன வருஷம் மே மாதக் கடைசி. ஒன்பது பெட்டி, நானூறு பேர், மூன்றே கால் மணி நேரம்.

இல்லை அக்கா, இன்ஜின் கோளாறு இல்லை. அதைத்தான் எல்லோரும் உடனே கேட்கிறார்கள். பி-ஆறு இந்த இடத்தில் அதற்கு முன்னால் ஐந்து தடவை நின்றிருக்கிறது. ஐந்து தடவையும் ஸ்விட்ச் பிடிக்கவில்லை என்று எழுதினார்கள், முடிந்தது. ஆறாவது தடவை மட்டும் அப்படி எழுத முடியவில்லை. ஏனென்றால் நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்குப் பொய் வராது. காலையில் சொன்ன தலைவலியைக் கணக்கில் எடுக்காதீர்கள், நான் சொல்வது பெரிய விஷயங்களில்.

முதலிலிருந்து சொல்கிறேன். நேரம் இருக்கிறது.

நான் பன்னிரண்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். காரணம் கேட்காதீர்கள், பெரிய காரணம் எல்லாம் இல்லை. பிடிக்கவில்லை. வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார், நான் நோட்டில் எழுதுவேன், அவர் அழிப்பார், மறுபடி எழுதுவார். இது என்ன வேலை என்று ஒரு நாள் தோன்றியது. அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மா அழுதாள். அம்மா பெயர் பிலோமினா, பள்ளிக்கூடத்தில்தான் சத்துணவு சமைக்கிறாள், அதே பள்ளிக்கூடம், அவளுக்குத் தலைகுனிவாம். அப்பா மாதக்கணக்கில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெயர் சூசைநாதன். அதிகம் பேசமாட்டார். இன்ஜினில் இருக்கும்போது மட்டும்தான் கத்துவார், அதுவும் சட்டம் என்பதால். சிக்னலைப் பார்த்து துணை டிரைவர் பச்சை என்று கூவினால் இவரும் பச்சை என்று திருப்பிக் கூவ வேண்டும். மஞ்சள் பலகையைப் பார்த்து அவர் ஸ்விட்ச் என்று கூவினால் இவரும் ஸ்விட்ச் என்று கூவி அணைக்க வேண்டும். வீட்டில் அந்தக் குரலைக் கேட்டதே கிடையாது.

அன்றைக்குக் காலையில்தான் கேட்டேன். அம்மா பெரியம்மா வீட்டுக்கு, அவர்கள் மகளுக்குப் பிரசவம் என்று தாழைமுனைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. பத்து நாள் வரமாட்டாள். அப்பாவுக்குக் கோடைக்கால ஸ்பெஷல் வண்டி, ஒரு வாரம் வீட்டுக்கு வராமல் தொடர்ந்து வேலை. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவர், திரும்பி, ஜூன் தேர்வாவது எழுதுவியா என்றார். எழுதமாட்டேன் என்றேன். ஏன் என்றார். பிடிக்கவில்லை என்றேன். பிறகு என்ன செய்யப் போகிறாய் என்றார். தெரியாது என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியாது அக்கா. தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

அப்போது இன்ஜின் குரலில் கத்தினார். "இனிமே என் கண்ணெதிர்ல நிக்காதே."

சரி என்றேன்.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஆறு வயதிலிருந்து ஒரு பழக்கம். அப்பா வண்டி வரும்போது இந்தத் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று கையைத் தூக்குவேன். ஆட்டமாட்டேன், சும்மா தூக்கிக்கொண்டு நிற்பேன். அவர் ஹாரனை ஒரு தடவை குட்டியாக அடிப்பார். கூக் என்று. அவ்வளவுதான். பத்து வருஷமாக, அவர் வண்டி பகலில் போகிற ஒவ்வொரு நாளும். பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் மதியம் சைக்கிளில் ஓடி வந்துகூட நின்றிருக்கிறேன். அதுவும் ஒரு காரணம் என்று வாத்தியார் சொல்வார், நான் பின்தங்கியதற்கு.

கண்ணெதிரே நிற்காதே என்றார் இல்லையா? நான் நிற்கவில்லை. சொன்னதைச் செய்தேன். அதில் என்ன தப்பு?

வீட்டில் நான் ஒருத்திதான். பக்கத்து இரண்டு ரயில்வே குவார்ட்டர்ஸும் பூட்டிக் கிடக்கின்றன, பார்த்தீர்களே, கதவில் கரையான். மனிதர்கள் என்றால் கல்மேட்டுக்குத்தான் போக வேண்டும், நாலு கிலோமீட்டர். எனக்கு அது பிடித்திருந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை. முதல் நாள் அப்பா போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். ஒன்பது தடவை. போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். நிம்மதி.

அவர் வண்டி ஒன்று விட்டு ஒரு நாள் இந்தப் பக்கம் ஏறும். முதல் தடவை வரும்போது நான் உள்ளே பாயில் படுத்திருந்தேன். கூக் என்று அடித்தார். கொஞ்சம் விட்டு இன்னொரு கூக். நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை வளைவிலேயே ஆரம்பித்து நீளமாக அடித்துக்கொண்டே வந்தார், கூரையில் இருந்த காக்காய் எல்லாம் பறந்து போயிற்று. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டேன். கோபம் ஆறவில்லை மனுசனுக்கு, ஹாரனில் காட்டுகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவைதான் நின்றது.

நீங்கள் இன்ஜினைப் பார்க்க வருகிறவர், உங்களுக்குச் சொன்னால் புரியும். பி-ஆறு வருகிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். வயிற்றுக்குள் பெரிய ஃபேன் ஓடும் இல்லையா, குக்கர் விசில் வருவதற்கு முன்னால் இரையுமே அப்படி ஒரு சத்தம். பலகை வந்து ஸ்விட்சை அணைத்ததும் அந்த இரைச்சல் அடங்கும். சக்கரச் சத்தம் மட்டும் கேட்கும். அப்புறம் மேலே டக் என்று ஒரு சத்தம், கரண்ட் வந்துவிட்டது, ஃபேன் மறுபடி இரைய ஆரம்பிக்கும். ஃபேன், சும்மா, டக், ஃபேன். பத்து வருஷமாகக் கேட்கிறேன்.

அன்றைக்கு ஹாரன் இல்லை. ஃபேன் இரைந்துகொண்டே வந்தது, சீராக. வீட்டுக்கு நேராக வந்ததும் பிரேக் போட்ட சத்தம், கிரீச் என்று இழுத்துக்கொண்டு. வண்டி நடக்கிற மாதிரி ஊர்ந்து போனது. ஜன்னலில் பெட்டிகளின் நிழல் ஒவ்வொன்றாக, மெதுவாக விழுந்தது. அப்புறம் பிரேக்கை விட்டு வேகம் எடுக்கப் பார்த்தது. ஒன்பது பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் எங்கே எடுப்பது. ஃபேன் அடங்கியது. நான் டக் வரும் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. சக்கரச் சத்தமும் நின்றுவிட்டது. அப்புறம் குழந்தைகள் அழுகிற சத்தம்.

கொஞ்ச நேரத்தில் ஆள்கள் இறங்கி வந்துவிட்டார்கள். பெட்டியில் ஃபேன் இல்லை, வெயில் கொளுத்துகிறது, வேறு எங்கே போவார்கள், இந்த வீடுதான் கண்ணில் படுகிறது. கதவைத் தட்டினார்கள். இருந்த தண்ணீர் எல்லாம் கொடுத்தேன். டிரம் காலி, குடம் காலி, அப்புறம் குழாயில் சொட்டுச் சொட்டாகப் பிடித்தேன். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இந்த டிரைவருக்கு மணல்துறைப் பொண்ணு யாராச்சும் கண்ணுல பட்டுருப்பா, பார்த்துட்டே வந்துருப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மா, அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எப்படித்தான் குப்பை கொட்டுகிறார்களோ என்றாள். நான்தான் பிள்ளை என்றேன். அந்த அம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. செம்பைக் கீழே வைக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் நின்றாள். குடிங்க, தண்ணீர் என்ன பண்ணிச்சு என்றேன்.

டிரைவர் இன்ஜினை விட்டு இறங்கக்கூடாது, சட்டம். அதனால் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு நானே போனேன். கண்ணெதிரே நிற்காதே என்று சொன்னாலும் தாகம் என்று ஒன்று இருக்கிறது இல்லையா? துணை டிரைவர் தணிகைவேல் அண்ணன் கீழே இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார், ஏதோ பேயைப் பார்த்த மாதிரி. அப்பா ஜன்னலில் இருந்தார். ஆறு நாள் கழித்து அன்றைக்குத்தான் முகத்தைப் பார்க்கிறேன். சட்டை எல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"உடம்புக்கு என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

"காய்ச்சலா?"

"இல்லைங்கிறேன்ல."

"கதவ உள்ள தாழ்ப்பாள் போட்டுத்தானே படுக்கிறே?"

"ஆமா."

"நல்லது" என்றார். சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் குடிக்கக்கூட இல்லை.

இதற்கு என்ன சொல்வீர்கள் அக்கா? நானூறு பேர் வெயிலில் வேகிறார்கள், வாக்கி டாக்கியில் கண்ட்ரோல்காரன் கத்துகிறான், பின்னால் இரண்டு வண்டி நிற்கிறது, இவர் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்கிறார். நல்லதாம். எது நல்லது? எனக்கு அப்போதே தெரியும், இந்த மனுசனுக்கு வேலையில் கவனம் இல்லை என்று.

விசாரணை இங்கேயேதான் நடந்தது. மூன்றாம் நாள், தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு வருகிற டிராலியில் ஒரு அதிகாரி வந்தார், கூட எழுதுகிறவர் ஒருவர். இந்த மரத்தடியில்தான் நாற்காலி போட்டோம். அப்பா எழுதிக் கொடுத்த தாளில் ஒரே வரிதான்: வேகம் குறைந்தது, வண்டி நின்றது. ஏன் குறைந்தது என்று இல்லை. அந்த இன்ஜினில் வேகம் பதிகிற தாள் தீர்ந்துபோய் இரண்டு மாதம், யாரும் மாற்றவில்லை. அதிகாரிக்கும் வீட்டுக்குப் போக அவசரம். ஸ்விட்ச் கோளாறுதானே சூசை, வழக்கமானதுதானே என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.  அப்பா ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதையும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் டீ கொண்டு வந்து வைத்தேன். அதிகாரி சும்மா ஒரு பேச்சுக்கு, நீ ஏதாவது பார்த்தாயா பாப்பா என்றார். பார்க்கவில்லை, கேட்டேன் என்றேன்.

"என்ன கேட்டே?"

"இன்ஜின் நல்லாத்தான் வந்துச்சு சார். ஃபேன் சத்தம் சீரா இருந்துச்சு. வீட்டுக்கு நேரா வந்ததும் பிரேக் போட்டாங்க. அதனாலதான் வேகம் போச்சு."

தணிகைவேல் அண்ணன் இருமினார். நான் கண்டுகொள்ளவில்லை. கேட்டதைத்தான் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவசரம் எல்லாம் போய்விட்டது. சிக்னல் பச்சை, குறுக்கே மாடு கிடையாது, ஆள் கிடையாது, எதற்குப் பிரேக் என்று அப்பாவைக் கேட்டார்.  அதிகாரி மறுபடி என்னிடம் திரும்பினார்.

"நீ எங்கே இருந்தே அப்போ?"

"உள்ள. பாயில."

"வண்டி வந்தா வெளிய வர்ற பழக்கமில்லையா?"

"இருந்துச்சு சார். அப்பா வந்தா அந்தக் கல்லுமேல நிப்பேன். கண்ணெதிர்ல நிக்காதேன்னு சொல்லிட்டாரு. அதனால அந்த வாரம் நிக்கல."

"வீட்டுல வேற யாரு?"

"யாருமில்ல."

அவர் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பேனாவுக்கு மூடியைப் போட்டுவிட்டார். போதும்மா, நீ உள்ளே போ என்றார். இவ்வளவுதான் விசாரணை. பாதியில் பேனாவை மூடுகிற அதிகாரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சோம்பேறி. காரணமே கேட்டு முடிக்காமல், கவனக்குறைவு என்று ஒரு சொல்லைப் போட்டு, பதினொரு மாதம் பயணிகள் வண்டி கிடையாது, ஷெட்டில் இரு என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வேலையையே பறித்திருக்கலாமாம், குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார் என்று தணிகைவேல் அண்ணன் சொன்னார். பிறகு ஒரு நாள் வந்தபோது அவரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். வளைவு திரும்பியதும் அப்பா பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாராம். இவர் ஸ்விட்ச், ஸ்விட்ச் என்று இரண்டு தடவை கூவியும் அப்பா திருப்பிக் கூவவில்லையாம். முந்தின இரண்டு நாளும் சோறே இறங்கவில்லையாம். காது மந்தமாகிவிட்டதோ என்னவோ, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்றேன். அண்ணன் என் முகத்தையே பார்த்தார். "உனக்கு ஒண்ணுமே விளங்காதா பிள்ளை?" என்றார். விளங்குகிற மாதிரி யாராவது சொன்னால்தானே விளங்கும்.

பதினொரு மாதம் அக்கா. நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினவர், ஷெட்டுக்குள் இன்ஜினை இந்தத் தண்டவாளத்திலிருந்து அந்தத் தண்டவாளத்துக்கு நகர்த்திக்கொண்டிருக்கிறார். கழுவ ஒன்று, எண்ணெய் போட ஒன்று. மனிதர் நடக்கிற வேகம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், படுப்பார். என்னைத் திட்டவில்லை. திட்டினால் நான் பதில் சொல்லுவேன், ஒரு வழியாக முடியும். திட்டவும் இல்லை, பள்ளிக்கூடம் பற்றிப் பேசவும் இல்லை. அம்மாதான் ஒரே ஒரு தடவை, நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்றாள். அப்பா உள்ளேயிருந்து, அவள் சொன்னது நிஜம்தானே பிலோமி, விடு என்றார். பிறகு அவளும் விட்டுவிட்டாள். எல்லோரும் விட்டுவிட்டார்கள். வீட்டில் யாரும் கத்தாமல் இருந்தால் எவ்வளவு அலுப்பாக இருக்கும் தெரியுமா? கருவாடு எவ்வளவோ மேல்.

இன்றைக்குப் பரீட்சை மாதிரி. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து வருவார். இப்போது புதுத் தாளும் போட்டுவிட்டார்கள், வேகம் எல்லாம் பதியும். பலகைக்கு வரும்போது முப்பதுக்குக் கீழே ஒரு கோடு இறங்கினாலும் முடிந்தது, ஓய்வு பெறுகிற வரைக்கும் ஷெட்தான். இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது அவருக்கு. அம்மா காலையிலேயே மாதா கோயிலுக்குப் போய்விட்டாள். போகும்போது, வீட்டில் இருப்பியா என்றாள். இருப்பேன் என்றேன். வெளியே இருப்பியா என்றாள். தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. நிற்காதே என்று சொன்னவர் இன்னும் நில் என்று சொல்லவில்லையே. நேற்று ஞாயிறு, சோறு போட்டேன், சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்த மாதிரி இருந்தது. ரசம் கேட்டார்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

கேளுங்கள், பரவாயில்லை.

ஆமாம், அன்றைக்கு நான் வெளியே நிற்கவில்லை. அதைத்தானே முக்கால் மணி நேரமாகச் சொல்கிறேன். ஆமாம், போனும் பானைக்குள் இருந்தது. ஆமாம், தனியாகத்தான்.

அதற்கும் பிரேக்குக்கும் என்ன அக்கா? இன்ஜின் ஓட்டுகிறவர் பாதையைப் பார்க்க வேண்டும். வீட்டைப் பார்த்தால்...

நிற்காதே என்று சொன்னது அவர்தானே? ஏன் நிற்கவில்லை என்று சொன்னவருக்குத் தெரியாதா?

இருங்கள். ஒரு நிமிஷம் பேசாமல் இருங்கள்.

கதவு சாத்தியிருந்தது. மூன்று தடவையும் சாத்தியிருந்தது. துணிகூடக் காயப்போடவில்லை நான் அந்த வாரம், சோம்பல். வெளியேயிருந்து பார்த்தால் ஆள் இருக்கிற வீடு மாதிரியே இருந்திருக்காது. இல்லையா?

தெரியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது, நீங்கள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறீர்கள், தலை வலிக்கிறது. இப்போது நிஜமாகவே வலிக்கிறது.

மணி என்ன? பதினொன்று முப்பத்தாறா?

கேமராவை எடுங்கள் அக்கா. தண்டவாளத்தைக் கவனியுங்கள், சீ என்று ஒரு சத்தம் வருகிறது, கேட்கிறதா? உங்களுக்குக் கேட்காது. உப்பாற்றுப் புதுப் பாலம் ஏறிவிட்டது. இன்னும் மூன்று நிமிஷம்.

இல்லை, அங்கே நிற்காதீர்கள், அங்கே நின்றால் கம்பம் மறைக்கும். இங்கே வாருங்கள். உங்களுக்கு இன்ஜின் எவ்வளவு உயரம் என்று படத்தில் தெரிய வேண்டாமா? பக்கத்தில் ஒரு ஆள் நின்றால்தான் தெரியும். வந்தவர்கள் பல பேர் அப்படித்தான் எடுப்பார்கள். அதற்காகச் சொல்கிறேன். இந்தக் கல்மேல் நான் ஏறி நின்றால் சரியாக இருக்கும். சுடுகிறதுதான். சுடட்டும். செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை, பரவாயில்லை.

வளைவில் பாருங்கள். சிவப்பு மூஞ்சி, மஞ்சள் பட்டை. பதினொன்றாம் நம்பர்தான்.

வேகம் குறைக்கக்கூடாது. குறைக்கக்கூடாது. ஜன்னலில் தலை தெரிகிறதா அக்கா? இடது பக்க ஜன்னல். எனக்கு வெயில் கண்ணைக் கூசுகிறது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். தெரிகிறதா?

கூக்.

ஒன்றுதான். ஒரே ஒன்று.

பிரேக் போடவில்லை. பெட்டிகளை எண்ணாதீர்கள், பேசாதீர்கள், காதைக் கொடுங்கள். ஃபேன் இரைகிறது. இரைகிறது. இதோ அடங்கிவிட்டது. பலகை. இப்போது வெறும் சக்கரம். வா. வா. வந்துவிடு.

டக்.

கேட்டீர்களா? கேட்டீர்களா அக்கா, டக் என்று? ஃபேன் மறுபடி இரைகிறது. தாண்டிவிட்டது. கடைசிப் பெட்டியும் தாண்டிவிட்டது.

நான் அன்றைக்கே சொன்னேன், இந்த இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை என்று. யாரும் கேட்கவில்லை.

படம் எடுத்தாகிவிட்டதா? நன்றாகப் பாருங்கள், வேண்டுமானால் இன்னொன்று எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி மேலே திரும்புகிற வரைக்கும் பின்பக்கம் தெரியும். அவசரமில்லை. முடிந்ததும் சொல்லுங்கள், கையை இறக்கிவிடுகிறேன்.